ஒரே குழாயில் இரண்டு வெள்ளை

நான் வேலையை விட்டதற்கும் புது இயந்திரம் வந்ததற்கும் சம்பந்தம் இல்லை என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். முழங்கால் வலி என்பதுதான் ஊருக்குச் சொன்ன காரணம். தினமும் ரயிலில் நின்றுகொண்டே பெங்களூர் போய் வந்தவன் முழங்காலைக் காட்டினால் யாரும் மேற்கொண்டு விசாரிப்பதில்லை.

இருந்தாலும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். அந்த இயந்திரம் வந்த பிறகு எங்கள் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுத்த குழாயைக் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க யாருக்கும் அவசியம் இல்லாமல் போனது. உள்ளே கொழுப்பு எவ்வளவு, காமாலை மஞ்சள் எவ்வளவு என்று அதுவே பார்த்து எண் போட்டுக் கொடுத்துவிடும். என் உத்தியோகத்தில் எனக்குப் பிடித்த பகுதி அந்த ஜன்னல்தான். மீதி நேரமெல்லாம் கை கழுவிக்கொண்டிருந்தேன்.

என்னிடம் வேலை பழகிய ரஞ்சனி இப்போது அந்தக் கூடத்துக்கே பொறுப்பு. அவள் போன மாதம் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். ரத்தக் கொழுப்பைக் கூட்டியோ குறைத்தோ வைக்கும் மரபணுக்கள் சிலருக்குப் பரம்பரையாக வருகின்றன. லுகேமியா என்கிற ரத்தப் புற்றுநோய் வந்தவர்கள் எவ்வளவு காலம் பிழைத்திருப்பார்கள் என்பதில் அந்த மரபணுக்களுக்கும் பங்கு இருக்கக்கூடும் என்று ஆராய்கிறார்களாம். கூடவே ஒரு வரி: "சார், உங்க ஹாலு கேஸ் ஞாபகம் வந்துது. எழுதிக் கொடுங்க, புதுசா வந்திருக்கிறவங்களுக்கு ஆகும்." ஹாலு என்றால் கன்னடத்தில் பால். நான் கேண்டீனில் அந்தக் கதையை அத்தனை தடவை சொல்லி அறுத்திருக்கிறேன் என்பது அவள் பெயர் வைத்திருக்கும் அழகிலேயே தெரிந்தது.

இதை நான் எங்கள் ஊர் கோரமண்டல் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் வாய்விட்டுச் சொல்லியிருக்கக் கூடாது. சாயங்காலத்துக்குள் "கொழுப்பு இருந்தா பிளட் கேன்சர்ல ஆள் சீக்கிரம் காலியாம்" என்று அது ஊர் பூராவும் போய்விட்டது. மறுநாள் கஸ்தூரி ஆள் அனுப்பினாள். ரஞ்சனி சொல்லும் அந்த 'ஹாலு கேஸ்' என் நண்பன் முனிரத்தினம். கஸ்தூரி அவன் தங்கை. "எங்கண்ணன் துன்னதாலதான் சீக்கிரம் போச்சான்னு கேட்டு, நெஜத்தைச் சொல்லச் சொல்லுங்க" என்று கேட்டிருந்தாள்.

எனவே இது ரஞ்சனிக்காக ஆரம்பித்து கஸ்தூரிக்காக எழுதுவது.

அப்பா எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தில், மைசூர் மைன்ஸில், ஷாஃப்டில் இறங்கினவர். நானும் இறங்கிவிடலாம் என்றுதான் இருந்தேன், சுரங்கம் முந்திக்கொண்டு மூடிவிட்டது. எங்கள் வயதுப் பையன்களெல்லாம் ரயில் ஏறினோம். ஸ்கெலட்டன், அதாவது எலும்புக்கூடு, என்று பெயர் வைத்த சுரங்கக் குடியிருப்பில் பிறந்த எனக்கு எலும்பு மஜ்ஜை பார்க்கும் இடத்தில் வேலை கிடைத்ததைப் பற்றி என் சொந்தக்காரர்கள் செய்த கேலியை இங்கே எழுதப் போவதில்லை. பயிற்சிக் காலத்தைப் பற்றியும் பெரிதாகச் சொல்ல ஒன்றும் கிடையாது. முதல் வருடம் நான் ஊசி குத்தி நோயாளிகள் அழுதார்கள். அடுத்த வருடம் மேடத்திடம் திட்டு வாங்கி நான் அழுதேன். பிறகு யாரும் அழவில்லை. வேலை வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள்.

மேடம் என்றால் டாக்டர் சுலோசனா, எங்கள் தலைமை. மைசூர்க்காரர். பட்டுப் புடவைக்குக் கீழே ஓட்டப் பந்தயக்காரர்கள் போடுகிற ஷூ போட்டிருப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. திட்டுவதைக்கூட ரகசியம் சொல்வது போலத்தான் சொல்வார், அதனால் பக்கத்தில் போய்க் குனிந்து வாங்கிக்கொள்ள வேண்டும். "நார்மல் மேடம்" என்று யாராவது சொன்னால் அவருக்குப் பிடிக்காது. "நீ பாத்தது சொல்லு. நெனச்சது பேடா" என்பார். பார்த்ததைச் சொல், நினைத்தது வேண்டாம். கேட்க எளிதாக இருக்கும். காலையில் ஒரு குழாயை எடுத்து, நினைக்காமல் வெறுமனே பார்த்துச் சொல்ல முயன்று பாருங்கள்.

எங்கள் கூடத்தில் இயந்திரம் ஏறுக்குமாறாக எண் காட்டினால், ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமான ஒருவரின் ரத்தத்தைக் கூடவே ஓட்டுவோம். அதற்கு எப்போதும் என் கைதான். உலகத்தில் என்னை நார்மல் என்று யாராவது எழுதி ஒட்டி வைத்திருந்தார்கள் என்றால் அது அந்தக் குழாய்களின் மேல் மட்டும்தான்.

காலை ரயிலில் எங்களுக்கென்று ஒரு பெட்டி உண்டு. ரயில்வேக்கு இது தெரியாது. கோரமண்டலில் நானும் முனிரத்தினமும் ஏறும்போது லாசர் அண்ணன் ஏற்கெனவே மாரிக்குப்பத்திலிருந்து இடம் பிடித்து வந்திருப்பார். அவர் பெங்களூரில் ஒரு அலுவலக கேண்டீனில் வேலை பார்த்தார். அவர் வீட்டம்மா சுட்ட மசால் வடை ஒரு தூக்கு நிறைய வரும். முனிரத்தினம் ஒயிட்ஃபீல்டு பக்கம் பம்ப் செய்கிற கம்பெனியில் ஃபிட்டர். ரயிலில் அவனுக்கு வேறு உத்தியோகம், தம்போலா ஆட்டத்தில் எண் கூப்பிடுவது. ஒவ்வொரு எண்ணுக்கும் பெட்டியில் யாரையாவது இழுத்து ஒரு வசவு சேர்த்துக் கூப்பிடுவான். எனக்கென்று வைத்திருந்த எண் வந்தால் "ரத்தக் காட்டேரி" என்பான், எல்லோரும் சீட்டில் சரியாக அந்த எண்ணை அடிப்பார்கள்.

பெட்டியில் ஒரே ஒரு சட்டம் இருந்தது. டப்பாவைத் திறந்தவன் தனியாகச் சாப்பிடக் கூடாது. ஒருவன் திறந்தால் எல்லோரும் திறக்க வேண்டும், கை எல்லா டப்பாவிலும் போகும், வரும். இந்தச் சட்டம்தான் பிற்பாடு எங்களைப் படுத்தியது.

ஒரு நாள் முனிரத்தினம் இரண்டு எண்களுக்கு நடுவே மூச்சு வாங்கினான். இன்னா மச்சி மூஞ்சி இப்படி வெளுத்துக் கீது என்று கேட்டேன். பவுடர் போட்டேன் என்றான். பல் துலக்கினால் ரத்தம் வருகிறது என்பதை மாலூர் தாண்டித்தான் சொன்னான். அன்றைக்கு அவனை ஒயிட்ஃபீல்டில் இறங்க விடவில்லை. நேராக எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

அப்போதிருந்த பழைய இயந்திரம் அவனுக்கு ஹீமோகுளோபின் பரவாயில்லை என்றது. அவன் முகம் அப்படிச் சொல்லவில்லை. சிவப்பணுக்களின் எண்ணிக்கையோடும் அந்த எண் ஒத்துப் போகவில்லை. குழாயைச் சுழற்றியில் வைத்துச் சுழற்றி எடுத்து ஜன்னலில் பிடித்தேன். ரத்தத்தைச் சுழற்றினால் அடியில் சிவப்பு தங்கும், மேலே இளமஞ்சளாகத் தெளிந்த நீர் நிற்கும், இரண்டுக்கும் நடுவே நூல் போல வெள்ளையணுக்களின் கோடு ஒன்று இருக்கும். இவன் குழாயில் மேலே நின்றது பால். சந்தேகமே வேண்டாம், டீ போடலாம். அதற்குக் கீழே, கோடு இருக்க வேண்டிய இடத்தில், சாம்பல் கலந்த வெள்ளையாக ஒரு பட்டை தடித்து நின்றது. மேலே இருந்த வெள்ளை கொழுப்பு. கீழே இருந்த வெள்ளை இன்னது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நினைத்ததைச் சொல்லக் கூடாது என்பதால் மேடத்திடம், "ஒரே குழாயில் ரெண்டு வெள்ளை இருக்கு மேடம்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் வாங்கிப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். "யாரு?" என்றார். என்னோடு ரயிலில் வருகிறவன் என்றேன். குழாயை என் கையில் கொடுக்காமல் அவரே ஸ்டாண்டில் வைத்தார்.

பால் இருந்தால் இயந்திரம் ஏமாறும். அது ரத்தத்தின் வழியாக ஒளியை அனுப்பி, எவ்வளவு தடைபடுகிறது என்று பார்த்து ஹீமோகுளோபினைக் கணக்கிடுகிறது. கொழுப்பும் ஒளியை மறைப்பதால் அதையும் சேர்த்துக்கொள்ளும். ரத்தமே இல்லாதவனை நன்றாக இருக்கிறான் என்று சொல்லிவிடும். இதற்கு ஒரு கைவேலை உண்டு. மேல்நீர் எதுவரை நிற்கிறது என்று குழாயில் குறி வைத்துக்கொண்டு, பாலை மட்டும் பிப்பெட்டால் மெதுவாக உறிஞ்சி எடுக்க வேண்டும். எடுத்த அளவுக்குச் சரியாக உப்பு நீரை விட்டு, குலுக்காமல் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலந்து, மறுபடி ஓட்ட வேண்டும். பிப்பெட் நுனி நடுப் பட்டையைத் தொட்டுவிடக் கூடாது. தொட்டால் நோயையே உறிஞ்சிக் குப்பையில் போட்டது போல ஆகும். மேடம் என் பின்னால் நின்று மூச்சுக்கூட விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி ஓட்டியதும் எண் சரிந்து விழுந்தது. முனிரத்தினம் மாதிரி ஒரு ஆள் நடந்து வந்ததே ஆச்சரியம் என்கிற எண். அன்று மத்தியானமே அவனுக்கு ரத்தம் ஏற்றினார்கள். சில நாளில் லுகேமியா என்று நோயின் பெயரும் எழுதப்பட்டது.

சாப்பிட்டதும் கொழுப்பு ரத்தத்தில் ஏறிப் பாலாக நிற்கும் என்பதால், சிகிச்சை ஆரம்பிக்கும் முன்னால் வார்டில் வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள். வெறும் வயிற்றோடு வந்தான். பால். சாப்பிட்டுவிட்டு வந்து பொய் சொல்கிறான் என்று முடிவாயிற்று. வார்டில் இருந்த இளம் டாக்டர், பிரியாணியை விட முடியாதவன் எதற்கு வைத்தியத்துக்கு வருகிறாய் என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். அடுத்த தடவையும் பால்.

பெட்டியில் இதைப் பேசி ஒரு தீர்மானம் போட்டோம். இவன் எதிரில் டப்பா திறந்தால் இவன் கையும் நீளத்தான் செய்யும், சட்டம் அப்படி. ஆகவே இவனுக்கு டெஸ்ட் உள்ள நாளில் பெட்டி முழுக்கப் பட்டினி. லாசர் அண்ணன் அதற்குப் பட்டினி ஷிஃப்டு என்று பெயர் வைத்தார். மாரிக்குப்பத்திலிருந்து கண்டோன்மென்ட் வரை மடியில் மூடின டப்பாவை வைத்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு போனோம். பக்கத்துப் பெட்டிக்காரர்கள் துக்கமா என்று வந்து விசாரித்தார்கள்.

அப்படிப் போயும் பால்தான். அதன் பிறகு பெட்டி இரண்டாகிவிட்டது. அவனுக்கு யாரோ திருட்டுத்தனமாகக் கொடுக்கிறார்கள் என்று ஒரு கட்சி. லாசர் அண்ணனின் பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். வடை வாசனை வருகிறதே என்றதற்கு அவர், அது நேற்றைய வாசனை என்றார். தம்போலா ஆடினார்கள், சிரிப்பு வரவில்லை.

முனிரத்தினம் கே.ஆர்.புரத்தில் கதவருகே வந்து என்னிடம் தனியாகச் சொன்னான். "என் ரத்தம் எந்த லெவலுக்கு எறங்கனாலும் எறங்கட்டும் மச்சி. எங்கப்பன் சொரங்கத்துல போகாத லெவலா? ஆனா திருடித் துன்னவன்னு பேரோட போகக் கூடாது. நீயாவது நம்பு."

நம்புகிறேன் என்றேன். முழுசாக நம்பவில்லை. அவனுக்குத் தெரிந்திருக்கும்.

ஆனாலும் அடுத்த பட்டினி ஷிஃப்டு அன்று மேடத்திடம் போய்ச் சொல்லிவிட்டேன், எங்கள் பெட்டியே சாப்பிடவில்லை, நான் சாட்சி என்று. அவர் சாட்சியை மேலும் கீழும் பார்த்தார். "நீயும் சாப்பிடலயா?" இல்லை என்றேன். "கை நீட்டு" என்றார். அவரே ஊசி குத்தி ரத்தம் எடுத்தார். சுழற்றியில் ஒரு குழாய் வைத்தால் அதற்கு நேர் எதிரே அதே கனத்தில் இன்னொன்று வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆடும். வழக்கமாகத் தண்ணீர் நிரப்பிய குழாயை வைப்போம். அன்று அவன் குழாய்க்கு எதிரே என் குழாய். ரயிலில் உட்காருவது போலவே எதிரெதிராக இரண்டு பேரும் சுற்றினோம். நின்றதும் மேடம் இரண்டையும் எடுத்து ஜன்னலில் பிடித்தார். என்னுடையது இளமஞ்சளாகத் தெளிந்து நின்றது. அவனுடையது பால்.

"ஒரே ரயில், ஒரே பசி" என்றார் மேடம். பிறகு பக்கத்தில் நின்ற முனிரத்தினத்திடம் கேட்டார், "கூடப் பொறந்தவங்க இருக்காங்களா?"

கஸ்தூரி வந்தாள். வெறும் வயிறு. அவள் குழாயிலும் பால். நான் முதலில் பார்த்தது பாலை இல்லை, அதற்குக் கீழே. அங்கே நூல் போல மெல்லிய கோடுதான் இருந்தது. ஒரே ஒரு வெள்ளை. குழாயை மேடத்திடம் கொடுத்தேன். அவர் பார்த்துவிட்டு, அப்பா எப்படிப் போனார் என்று கஸ்தூரியிடம் கேட்டார். வயிற்று வலியில் சுருண்டு போனார் என்றாள். சாராயம் என்று ஊரில் பேசிக்கொண்டார்களாம், ஆனால் அவர் குடித்து அவள் பார்த்ததில்லையாம். ரத்தத்தில் இந்த அளவு கொழுப்பு இருந்தாலும் கணையம் வீங்கி அப்படி வலிக்கும்.

மேடம் ஷூ நாடாவை முடிந்துகொண்டு வார்டுக்கு நடந்தே போனார். அந்த இளம் டாக்டரை ஓரமாக அழைத்துக் காதோடு பேசினார். அவர் குனிந்து வாங்கிக்கொண்டார். இந்தப் பால் பரம்பரை, இவனைப் பட்டினி போட்டு உடம்பைக் கரைக்க வேண்டாம், பாலை எடுத்துவிட்டு ஓட்டுவது எங்கள் பாடு என்பதுதான் விஷயம்.

முனிரத்தினம் குழாயைப் பார்க்க வேண்டும் என்றான். மேடம் காட்டினார். திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மேல கீறது எங்கப்பன் குடுத்தது. கீழ கீறது யார் குடுத்தாங்க மேடம்?"

மேடம் குழாயை அவன் கையிலிருந்து வாங்கினார். அவன் விடவில்லை. "இது ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பேசிக்குமா?"

"எனக்குத் தெரியல முனிரத்தினம்" என்றார் மேடம். அவர் தெரியவில்லை என்று சொல்லி நான் கேட்டது குறைவு.

மறுநாள் ரயிலில் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. லாசர் அண்ணன் தூக்கைத் திறந்து முதல் வடையை அவன் வாயில் திணித்தார். பேச முடியாமல் செய்துவிட்டார். அவ்வளவுதான். மாலூர் வருவதற்குள் எல்லா டப்பாவும் காலி.

மருந்து பிடித்தது. நடுவில் கொஞ்சம் நல்ல காலம் கிடைத்தது. தலைமுடி திரும்ப முளைத்து, எண் கூப்பிடவும் வந்தான். பிறகு கீழே இருந்த வெள்ளை மறுபடியும் தடித்தது. மேலே இருந்த வெள்ளை கடைசி வரை அப்படியேதான் இருந்தது. அவன் போன பிறகு லாசர் அண்ணன் ஒரு நாள் தம்போலா கூப்பிட்டுப் பார்த்தார். எண்கள் வெறும் எண்களாக வந்தன. அப்படியே விட்டுவிட்டோம்.

ரஞ்சனி அனுப்பியதைப் படித்தபோது எனக்கு முதலில் தோன்றியது, இதை அவனிடம் சொல்ல வேண்டும் என்பதுதான். டேய், நீ கேட்ட கேள்வியை இப்போதுதான் கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள் என்று. மேலே இருப்பதும் கீழே இருப்பதும் பேசிக்கொள்கின்றனவா, பேசினால் நன்மைக்கா கெடுதலுக்கா, எந்த வகைக் கொழுப்பு எந்த வகை லுகேமியாவோடு. இன்னும் ஒன்றும் தீர்ந்தபாடில்லை. இப்போதும் அந்த ரயிலில் எப்போதாவது போகிறேன். ஆளாளுக்குக் காதில் எதையோ செருகிக்கொண்டு தனித்தனியாகச் சாப்பிடுகிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. எனக்குத்தான் அடுத்தவன் டப்பாவில் கை போகிறது.

கஸ்தூரி வீட்டுக்கு இன்று காலையில் போனேன். கொழுப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறாள், ஆள் நன்றாக இருக்கிறாள். உட்காரச் சொல்லிவிட்டு நின்றுகொண்டே கேட்டாள்.

"கொழுப்பாலதான் போச்சாண்ணா?"

தெரியாது என்றேன். யாருக்கும் இன்னும் தெரியாது, இருக்கலாம் என்றுதான் பார்க்கிறார்கள், அதுகூட அவனைப் பற்றி இல்லை, ஆயிரம் பேரைச் சேர்த்து வைத்துப் பார்க்கிற சமாசாரம் என்றேன். அவள் முகம் தெளியவில்லை. நான் ஜன்னலில் குழாயைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

"ஒரு நாள் நான் அண்ணனுக்குக் கஞ்சி குடுத்துட்டேண்ணா" என்றாள். "டெஸ்ட்டு அன்னிக்கி. காலு தள்ளாடுது, எப்டிப் போவும் அம்மாந்தூரம்? நெய் ஊத்திக் குடுத்தேன். வேணாம்னாரு. நான் அழுதேன். குடிச்சிட்டாரு."

"எந்த டெஸ்ட்டு?"

"நீங்க கூட உங்க ரத்தத்தைக் குடுத்துப் பாத்தீங்களே. அன்னிக்கித்தான்."

நினைவில் அந்த இரண்டு குழாய்களையும் மறுபடி ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன்.

"யார்கிட்டயும் சொல்லாதே, லாசர் என்னை ரயில்லருந்து தள்ளிடுவான்னாரு. இத்தினி வருசமா நான் நெய்யைத் தொடலண்ணா. இப்ப கொழுப்புதான்னு ஊரே பேசுது. நான் குடுத்ததுதானோன்னு."

அவளுக்கு நான் சொன்னதை ரஞ்சனிக்காகவும் எழுதிவிடுகிறேன், ரஞ்சனியும் சரி என்பாள் என்று நினைக்கிறேன். அந்த ஆராய்ச்சிக்காரர்கள் பரம்பரை மரபணுவைப் பிடித்துக்கொண்டு பார்ப்பதே, யார் என்ன சாப்பிட்டார்கள் என்பது குறுக்கே வரக் கூடாது என்பதற்காகத்தான். மரபணு அவன் பிறக்கும்போதே வந்தது. நோய்க்கு முன்னால், கஞ்சிக்கு முன்னால். நீ கஞ்சி கொடுக்காத நாளிலும் அவன் ரத்தம் பாலாகத்தான் இருந்தது. நீயே வெறும் வயிற்றோடு வந்தாய், உன்னுடையதும் பால்தானே? ஒரு கரண்டி நெய்க்கு அவ்வளவு தூரம் கை எட்டாது. நெய்யை விட்டது நல்லதுதான், ஆனால் அதற்கு உன் டாக்டர் சொல்லும் காரணம் போதும், நீ வேறு காரணம் வைத்துக்கொள்ளாதே.

"நெஜமாவா?" என்றாள். நிஜமாக என்றேன். அப்போதுதான் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நான் சிரிப்பதைப் பார்த்துக் கோபித்துக்கொண்டாள்.

சிரிக்காமல் என்ன செய்வது? மேடம் ஒரே ரயில் ஒரே பசி என்றபோது அந்தப் படவா பக்கத்தில் தலையைக் குனிந்து நின்றுகொண்டிருந்தான். அன்று காலை பெட்டி முழுக்கக் காய்ந்து கிடந்தது. நான் அவனுக்கு நேர் எதிரே உட்கார்ந்து, பாவி எப்படித் தாங்குகிறானோ என்று பங்காரப்பேட்டையிலிருந்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு போனேன். வழக்கத்தைவிடச் சத்தமாக எண் கூப்பிட்டான். என்ன தைரியம் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

அவனுக்குப் பசிக்கவே இல்லை. சமீபத்தில் எனக்கு வந்த செய்திகளில், கஸ்தூரி வீட்டிலிருந்து எழுந்து நடக்கும்போது நான் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டது இது ஒன்றைத்தான்.